ஒரு பக்கம் சாயும் பாட்டு

அத்தியாயம் 14

வியாழக்கிழமை காலை மிளகு செய்த முதல் காரியம், கணவனிடம் ஒரு பொய் சொன்னது.

"பதினொரு மணிக்கு வெளியே போறேன். ஒரு ஒயர் வாங்கணும்."

"என்ன ஒயர்? நான் வாங்கிட்டு வரேனே."

"உங்களுக்குத் தெரியாது. நானே பாத்து வாங்கினாத்தான் சரிப்படும்."

அவன் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்கும் நிலையிலும் இல்லை. வாயில் பென்சிலைக் கவ்விக்கொண்டு, படுக்கையறைத் தரையில் மண்டியிட்டு, அளவு நாடாவைச் சுவரிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தான். ஜன்னல்களுக்குக் கண்ணாடி பொருத்துகிறவன். வியாழக்கிழமை கடைக்கு விடுமுறை. விடுமுறை நாளிலும் எதையாவது அளக்காவிட்டால் அவனுக்குக் கை நமநமக்கும்.

இன்று அளப்பதற்கு ஒரு ஜோடி மானிட்டர் ஸ்பீக்கர் கிடைத்திருந்தது. நண்பனிடம் இரவல் வாங்கி வந்தது. சனிக்கிழமை வரை வைத்துக்கொள்ளலாம்.

ஸ்பீக்கர் வந்த காரணம், மூன்று முறை திரும்பி வந்த அந்தப் பாட்டு.

மிளகு என்பது அவள் அம்மா வைத்த செல்லப் பெயர். ஆள் சின்னது, காரம் ஜாஸ்தி. வீட்டிலிருந்தபடியே பாட்டுகளுக்கு மிக்ஸிங் செய்கிறாள். பாடகியின் குரல் தனியாக, தாளம் தனியாக, கிட்டார் தனியாகப் பதிவாகி வரும். யார் முன்னால், யார் பின்னால், யார் இடது, யார் வலது என்று அவர்களை நிறுத்தி வைப்பது அவள் வேலை. குடும்பப் போட்டோவுக்கு ஆட்களை நிறுத்துவது மாதிரிதான். யாரும் யாரையும் மறைக்கக் கூடாது.

ஆறு வருஷமாக யாரும் யாரையும் மறைத்ததில்லை. இந்தப் பாட்டில்தான் வம்பு வந்தது.

"சாயுதுங்க," என்றார் இசையமைப்பாளர். எல்லோரும் அவரைத் தாடி என்றுதான் கூப்பிடுவார்கள். "மொத்தப் பாட்டும் இடது பக்கம் போய் உக்காந்துக்குது. ஒரே பக்கம் எல்லாரும் ஏறின படகு மாதிரி."

சரி செய்து அனுப்பினாள். இன்னும் சாய்ந்தது. மறுபடியும் அனுப்பினாள்.

"நாளைக்கு சாயந்திரம் அஞ்சு மணி," என்று நேற்று சொல்லிவிட்டார். "அதுக்கு மேல போச்சுன்னா படக்காரங்க என் தாடியைப் பிடிச்சு இழுப்பாங்க. வேற ஆளுகிட்ட கொடுக்க எனக்கு மனசு வரலை. ஆனா கொடுத்துடுவேன்."

பாட்டு ஏன் சாய்கிறது என்று மிளகுக்குத் தெரியும். தெரியும் என்றுதான் நினைத்தாள்.

நாற்பது நாளைக்கு முன் அவளுக்குக் கடும் ஜலதோஷம். ஒரு வாரம் படுக்கை. எழுந்து வந்து ஹெட்போனை மாட்டினால், இடது காதில் எல்லாமே ஒரு கதவுக்குப் பின்னால் ஒலித்தது. மூக்கடைப்பு போனால் சரியாகிவிடும் என்று இருந்தாள். மூக்கு திறந்தது. கதவு திறக்கவில்லை.

அவள் அம்மாவுக்கு இடது காது கேட்காது. முப்பத்திரண்டு வயதில் மங்க ஆரம்பித்தது. பெரிய மாமாவுக்கும் அதே வயது, அதே காது. "எங்க வம்சத்துக் காது" என்று அம்மா அதை ஏதோ பூர்வீக நிலம் மாதிரி சொல்வாள். ஒரு டாக்டரிடமும் போனதில்லை. வீட்டில் எல்லோரும் அம்மாவின் வலது பக்கம் உட்காரப் பழகிவிட்டார்கள், அவ்வளவுதான்.

மிளகுக்கு இப்போது முப்பத்தொன்று.

அவள் வாங்கப் போவது ஒயர் இல்லை. பதினொன்றரை மணிக்குக் காது பரிசோதனைக்கு நேரம் வாங்கியிருந்தாள். இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

"இங்க வா. இந்த நாற்காலியில உக்காரு," என்றான் கணவன்.

இரண்டு ஸ்பீக்கர்களையும் மேஜையின் இரு முனைகளில், அவள் காது உயரத்துக்கு, புத்தகங்களை அடுக்கி நிறுத்தியிருந்தான். ஸ்பீக்கருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் எவ்வளவோ, ஒவ்வொரு ஸ்பீக்கரிலிருந்து அவள் தலைக்கும் அவ்வளவே. தரையில் பென்சில் கோடு வேறு.

"மூணு பக்கமும் ஒரே அளவு. ஒரு நூல் கூட பிசகாது."

"பிசகினா என்ன, கண்ணாடி உடைஞ்சிடுமா?"

"கிண்டல் பண்ணாதே. நெட்ல படிச்சேன். ஹெட்போன்ல மட்டும் மிக்ஸிங் பண்ணினா பாட்டு தலைக்குள்ளயே நடக்குமாம். ஸ்பீக்கர்னா எதிர்ல நின்னு பாடற மாதிரி இருக்கும். எது எங்க நிக்குதுன்னு அப்பத்தான் தெரியுமாம்."

"அது நல்ல ரூமுக்கு. இந்த ரூம்ல இடது பக்கம் இரும்பு பீரோ, வலது பக்கம் துணித் திரை. ஒரு பக்கம் சத்தம் மோதித் திரும்பும், இன்னொரு பக்கம் துணி குடிச்சிடும். மூலையில கும்மு கும்முன்னு பேஸ் சத்தம் வேற குமிஞ்சு கிடக்கும். பாட்டு எது, சுவர் எதுன்னே தெரியாது. ஹெட்போன்ல ரூமே கிடையாது. பாடகி மூச்சு வாங்கறது கூடக் கேக்கும்."

அவள் சொன்னது அத்தனையும் உண்மை. அதற்காகத்தான் ஸ்பீக்கர் வேண்டாம் என்கிறாளா என்றால், இல்லை. ஸ்பீக்கர் என்றால் வீட்டில் எல்லோரும் கேட்பார்கள். அவளுக்குக் கேட்காதது அவர்களுக்குக் கேட்டுவிடும்.

அவன் அதற்குள் பொத்தானை அழுத்திவிட்டான்.

தாளம் வந்தது. கிட்டார் வந்தது. பாடகி வந்தாள்.

"ஏம்மா, அந்தப் பொண்ணு ஏன் பீரோகிட்ட போய் நிக்குது?" என்று ஹாலிலிருந்து குரல் வந்தது.

மாமனார். அவர் குஷன் வேலை செய்பவர். ஹாலின் பாதி அவருடைய தையல் இயந்திரத்துக்கும் ஸ்பாஞ்சுக் கட்டுகளுக்கும் சொந்தம். மீதிப் பாதியில் குடும்பம் நடக்கிறது. பல் டாக்டர் ஒருவரின் சாய்வு நாற்காலிக்கு உறை தைத்துக்கொண்டிருந்தவர், வாயில் இருந்த ஊசியை எடுத்துவிட்டுத்தான் அதைச் சொன்னார்.

மிளகுக்கும் அப்படித்தான் கேட்டது. பாடகி நடுவில் இல்லை. பீரோ பக்கம் ஒதுங்கி நின்றாள்.

"நான் சொல்லலை? அந்த பீரோ பண்ற வேலை," என்றாள் அவசரமாக.

"பாத்துடுவோம்." கணவன் பின்னால் போய் இரண்டு ஒயர்களையும் மாற்றிச் செருகினான். "பீரோ தப்புன்னா பாடகி அங்கயே நிப்பாங்க. பாட்டு தப்புன்னா இந்தப் பக்கம் வருவாங்க."

பாடகி திரைப் பக்கம் வந்து நின்றாள்.

"பாட்டுதான்," என்றான், கண்ணாடி அளவு சரியாக வந்த திருப்தியோடு. பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். "இதுக்கு ஏன் இப்படி ஆயிட்டே? கண்டுபிடிச்சாச்சு இல்ல? இனிமே திருத்த வேண்டியதுதானே."

தனக்கும் அந்தச் சாய்வு கேட்டதே என்று ஒரு கணம் அவளுக்கு உயிர் வந்தது. அடுத்த கணமே பயம் அதற்கு ஒரு பதில் வைத்திருந்தது. ஸ்பீக்கரின் சத்தம் இரண்டு காதுக்கும் போகிறது. நல்ல காது, கெட்ட காதுக்காகவும் சேர்த்துக் கேட்டுவிடும். ஹெட்போனில்தான் ஒவ்வொரு காதும் தனித்தனியாகப் பரீட்சை எழுத வேண்டும்.

ஹெட்போனில் இடது காது நாற்பது நாளாகத் தோற்றுக்கொண்டிருந்தது.

"வந்து திருத்தறேன்," என்று பையை எடுத்தாள். பழக்க தோஷத்தில் ஹெட்போனும் பைக்குள் போனது.

பரிசோதனை நிலையம் ஒரு மருந்துக் கடைக்கு மேலே, மாடியில் இருந்தது. உள்ளே இரும்பு அலமாரி போல ஓர் அறை. தடித்த கதவு. பரிசோதனை செய்யும் பெண்மணிக்கு ஐம்பது வயது இருக்கும். மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு, அதைத் தேடிக்கொண்டிருந்தார். முதலில் சின்ன விளக்கால் இரண்டு காதுக்குள்ளும் எட்டிப் பார்த்தார்.

"அழுக்கு இல்லை, அடைப்பு இல்லை. உள்ள உக்காருங்க. சத்தம் கேட்டா பட்டனை அழுத்துங்க. கேட்ட மாதிரி இருந்தாலும் அழுத்துங்க."

"கேக்காட்டி?"

"கேக்காட்டி சும்மா இருங்க. அதுக்கு ஒரு பட்டன் இல்லை."

கதவு மூடியது.

அப்படியொரு அமைதியை மிளகு கேட்டதே இல்லை. தன் எச்சில் இறங்குவது கேட்டது. கண் சிமிட்டுவது கூடக் கேட்கும் போல இருந்தது. வலது காதில் தொடங்கினார்கள். கீச்சென்று ஒன்று. கும்மென்று ஒன்று. தூரத்தில், இன்னும் தூரத்தில், ஊசி முனை அளவுக்கு. எல்லாவற்றுக்கும் அழுத்தினாள்.

பிறகு இடது.

ஒன்றும் வரவில்லை.

அவள் காத்திருந்தாள். பட்டன்மேல் இருந்த கட்டைவிரல் வியர்த்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெண்மணி எதையோ திருகிக்கொண்டிருந்தார். இப்போது சத்தம் போய்க்கொண்டிருக்கும், எனக்குத்தான் கேட்கவில்லை என்று மிளகு நினைத்தாள். வேறு என்ன வேலை தெரியும் எனக்கு என்று நினைத்தாள். வேதியியல் படித்தது எந்தக் காலத்திலோ. இனி ஒரு சோதனைக் குழாயை நேராகப் பிடிக்கத் தெரியுமா?

அப்போது ஒரு கீச்சு. எறும்பு கூப்பிட்டது போல.

அழுத்தினாள்.

இன்னொன்று. இன்னும் சின்னது. அழுத்தினாள். அதையும்விடச் சின்னது. அழுத்தினாள். அழுத்திக்கொண்டே இருந்தாள்.

கதவைத் திறந்த பெண்மணி அவளைப் பார்த்துவிட்டு ஒரு காகிதக் கைக்குட்டையை நீட்டினார்.

"ஏம்மா அழறீங்க? வலிச்சுதா?"

"இல்லை. கேட்டுது. அதான்."

"லெஃப்ட் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மெஷின் கொஞ்சம் நின்னுடும். கிழட்டு மெஷின். சொல்லியிருக்கணும், மறந்துட்டேன்."

தாளைக் காட்டினார். வலது காதுக்குச் சிவப்பு வட்டங்கள், இடது காதுக்கு நீலத்தில் பெருக்கல் குறிகள். இரண்டு வரிசையும் தாளின் மேல் பகுதியிலேயே, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, தோளோடு தோள் உரசிக்கொண்டு போயின.

"இருபது வயசுக் காது இது. யார் சொன்னா கேக்கலைன்னு?"

மிளகு பையிலிருந்து ஹெட்போனை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "இது சொல்லுச்சு. இதை மாட்டினா இடது பக்கம் மங்கலா இருக்கு."

"திருப்பி மாட்டிப் பாத்தீங்களா?"

மிளகு தலையைக் குனிந்துகொண்டாள்.

அரை நிமிட வேலை. ஹெட்போனைத் திருப்பி மாட்டினால் மங்கல் காது மாறி வர வேண்டும். வந்தால் குற்றம் ஹெட்போனில். வராவிட்டால் காதில். பள்ளிக்கூடப் பிள்ளை கூட யோசிக்கும் சோதனை. அவளுக்கு அது தெரியாமல் இல்லை. முதல் நாளே தெரியும். அந்த அரை நிமிடத்தைத்தான் நாற்பது நாளாகத் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்தாள். ஏழு ஒயர், மூன்று மென்பொருள், ஒரு மேஜை விளக்கு வரை எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தவள், இதை மட்டும் செய்யவில்லை. விடை பிடிக்காமல் போனால் அதைத் திருப்பிக் கொடுக்க முடியாதே.

"இப்போ பாருங்க. நான் இருக்கேன்ல," என்றார் பெண்மணி.

போனில் ஒரு பாட்டை ஓடவிட்டு, திருப்பி மாட்டினாள்.

கதவு, வலது காதுக்குப் போய் மூடிக்கொண்டது.

மிளகு சிரித்த சிரிப்பில் அடுத்து காத்திருந்தவர் எட்டிப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி ஒன்றரை. பீரோ ஹாலுக்கு வந்திருந்தது. மாமனாரின் தையல் இயந்திரத்தை மறித்துக்கொண்டு நின்றது. அப்பாவும் பிள்ளையும் அதன் இரண்டு பக்கமும் நின்று வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள்.

"எனக்குக் கால் வைக்க இடம் வேணுமாடா, வேண்டாமா?"

"ரெண்டு நாளைக்குப்பா. அவ பாட்டு முடியட்டும்."

"ரெண்டு நாளும் நான் பீரோவுக்குள்ள உக்காந்து தைக்கணுமா?"

மிளகு செருப்பைக்கூடக் கழற்றாமல் ஸ்பாஞ்சுக் கட்டின்மேல் உட்கார்ந்தாள்.

"ஒயர் கிடைச்சுதா?" என்றான் கணவன்.

"நான் ஒயர் வாங்கப் போகலை. காது டெஸ்டுக்குப் போனேன்."

இருவரும் பீரோவை விட்டுவிட்டார்கள்.

"எந்தக் காது? என்ன ஆச்சு? எப்பலேர்ந்து?"

"ஒண்ணும் ஆகலை. ரெண்டும் நல்லா இருக்கு. இடது காது போச்சுன்னு நினைச்சுட்டேன். அம்மாவுக்கு வந்த மாதிரி." தாளை நீட்டினாள். "தப்பு ஹெட்போன்ல. இடது பக்கம் ஏதோ அடைச்சிருக்கு. அந்தப் பக்கம் குறைவா கேட்டதால நானே அங்க கூட்டிக் கூட்டி வெச்சிருக்கேன். அதான் பாட்டு சாய்ஞ்சுது."

கணவன் தாளைப் பார்த்தான். வட்டங்களையும் பெருக்கல் குறிகளையும் வெகுநேரம் பார்த்தான். அளவு தெரிந்தவன். இரண்டு கோடும் ஒன்றுபோல இருப்பது அவனுக்குப் புரிந்தது.

"நாப்பது நாளா?" என்றான்.

"ம்."

"பக்கத்துலதானே படுத்திருந்தேன்."

அவ்வளவுதான் சொன்னான். சண்டை போட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பாள்.

இதற்கிடையில் மாமனார் ஹெட்போனைக் கையில் எடுத்திருந்தார். காதுமேல் அமரும் இரண்டு வட்டக் குஷன்களையும் கட்டைவிரலால் அழுத்தினார். வலதை அழுத்தினார். இடதை அழுத்தினார். இன்னொரு முறை இடதை. அவர் முகம் மெல்ல மெல்ல, காற்றுப் போன ஸ்பாஞ்சு மாதிரி ஆனது.

"நான்தான்மா," என்றார்.

"என்ன மாமா?"

"நீ ஜலதோஷத்துல படுத்திருந்தப்போ இந்த உறை உரிஞ்சு உரிஞ்சு உன் தலையணை எல்லாம் கறுப்புத் தூளா கொட்டிச்சு. சரி, எழுந்து வர்றதுக்குள்ள புதுசா தைச்சு வெப்போம்னு தைச்சேன்."

"அது தெரியும் மாமா. நல்லா இருக்குன்னு சொன்னேனே."

"அதுக்கு முன்னாடி நீ ஒண்ணு சொன்னே. மூக்குக் கண்ணாடிக் காம்பு இடது பக்கம் அழுத்துது, ஹெட்போன் போட்டா அங்க வலிக்குதுன்னு." அவர் குரல் இறங்கிவிட்டது. "அதனால இடது பக்கம் மட்டும் உள்ள ரெண்டு மடிப்பு கம்பளி கொடுத்தேன். ஓட்டை இருக்கற இடத்தையும் சேர்த்து மூடித் தைச்சுட்டேன். மெத்துன்னு இருக்கட்டும்னு. வெளியே தெரியாம இருக்க வலது பக்கத்தை அதே உயரத்துக்கு ஸ்பாஞ்சு வெச்சு ஏத்தினேன்."

ஹெட்போனை மடியில் வைத்துக்கொண்டார்.

"முப்பத்தெட்டு வருஷமா குஷன் தைக்கறேன்," என்றார். "உக்கார்ற இடத்துக்குத்தான் தைச்சிருக்கேன். அது எதையும் கேக்காது. எவ்வளவு வேணா திணிக்கலாம். காதுக்குத் தைச்சது இதான் முதல் தடவை."

கணவனின் தோள் குலுங்க ஆரம்பித்தது. மிளகு அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை. ஸ்பாஞ்சுக் கட்டிலிருந்து சரிந்து தரைக்கே வந்துவிட்டாள்.

"சிரிக்காதீங்க. பொண்ணு நாப்பது நாள் பயந்து செத்திருக்கு."

"மாமா, தப்பு உங்களோடதுன்னு தெரிஞ்சதுல எனக்கு எவ்வளவு சந்தோஷம்னு உங்களுக்குத் தெரியாது," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இன்னும் நாலு தப்பு வேணும்னாலும் பண்ணுங்க."

"வலிக்காம இருந்துதா, இல்லையா? அதைச் சொல்லு."

"சுத்தமா வலிக்கலை."

"அப்போ தையல் தப்பில்லை," என்றார், கொஞ்சம் தெம்பு வந்து. "எங்க, அந்தப் பிரிக்கற கத்தியை எடுடா. முதல்ல இந்த பீரோவை என் கால்மேலேருந்து நகர்த்து."

இருபது நிமிடத்தில் கம்பளி வெளியே வந்தது. சாம்பல் நிறத்தில், உள்ளங்கை அகலம். இந்தத் துண்டுத் துணியா தன்னை முப்பத்தொரு வயதில் கிழவியாக்கியது என்று மிளகு அதை விரலால் நிமிண்டிப் பார்த்தாள்.

இரண்டே காலுக்கு உட்கார்ந்தாள். ஹெட்போனை மாட்டி, அனுப்பிய பாட்டைக் கேட்டாள். இடது காதில் கிட்டார் அறைந்தது. தாடி பாவம், இதை மூன்று முறை கேட்டிருக்கிறார்.

எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கினாள். யார் எங்கே நிற்பது என்பதை ஸ்பீக்கரில் தீர்மானித்தாள், சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு. பீரோ போன பிறகு அறை அவ்வளவு மோசமில்லை. மூலையில் பேஸ் குமிந்ததற்கு மாமனார் ஒரு பெரிய ஸ்பாஞ்சுக் கட்டைக் கொண்டுவந்து நிறுத்தினார். "இது எந்த ஓட்டையையும் மூடலையே?" என்று கேட்டுக்கொண்டுதான் நிறுத்தினார். பாடகியின் மூச்சையும் கிட்டார் கம்பியின் உரசலையும் மட்டும் ஹெட்போனில் பார்த்தாள்.

கணவன் அவளுக்குப் பின்னால் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். ஒரு இடத்தில் மட்டும், "தாளக்காரர் ஏன் சமையலறையில நிக்கறார்?" என்றான்.

நியாயமான கேள்வி. தாளக்காரரை இரண்டடி முன்னால் கொண்டுவந்தாள்.

"இதை வாங்கிடலாம்," என்றாள் திரும்பாமலே.

"எதை?"

"ஸ்பீக்கரை. சனிக்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டாம். விலை பேசுங்க."

"இந்த ரூமுக்கு ஆகாதுன்னு சொன்னே?"

"ஆகாதுதான். ஆனா ஹெட்போன்ல நான் மட்டும்தானே கேக்கறேன்." ஒலி அளவைக் கொஞ்சம் ஏற்றினாள். இறக்கினாள். "இது முதல் நாளே இருந்திருந்தா, அன்னிக்கே நீங்க கேட்டிருப்பீங்க, அந்தப் பொண்ணு ஏன் பீரோகிட்ட நிக்குதுன்னு."

அவன் எழுந்து வந்து அவள் தலைமேல் கையை வைத்தான். மூன்று பக்கமும் ஒரே அளவில் போட்ட பென்சில் கோட்டை மிதித்துக்கொண்டுதான் நின்றான்.

"தலையை ஆட்டாதே. அளவு மாறும்," என்றான்.

ஐந்துக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது பாட்டு போனது. ஐந்தே காலுக்குத் தாடி கூப்பிட்டார்.

"நிமிர்ந்துடுச்சுங்க! என்ன பண்ணினீங்க? புதுசா ஏதாவது மெஷினா?"

"ஒரு தையலைப் பிரிச்சோம்," என்றாள் மிளகு.

அவருக்குப் புரியவில்லை. புரிய வேண்டிய அவசியமும் இல்லை. அடுத்த பாட்டை நாளை அனுப்புவதாகச் சொன்னார்.

பால்கனியில் போய் நின்றுகொண்டு அம்மாவைக் கூப்பிட்டாள். எதிர்க் கட்டடத்தில் யாரோ துணிகளைக் கொடியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, இன்னைக்குக் காது டெஸ்ட் பண்ணிக்கிட்டேன்."

மறுமுனையில் குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது.

"என்னடி சொன்னாங்க?"

"ரெண்டும் நல்லா இருக்காம்."

"இப்போ போனை எந்தக் காதுல வெச்சிருக்கே?"

"இடதுல."

மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது.

"உனக்கு முப்பது முடிஞ்ச நாள்லேருந்து போன்ல உன்கிட்ட வேணும்னே மெதுவா பேசுவேன்டி. கேக்குதான்னு பாக்க. நீ சரியா பதில் சொன்னா அன்னிக்கு ராத்திரி தூங்குவேன்."

மிளகு அம்மாவின் குரல்தான் வயதாகித் தேய்கிறது என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

"ஏம்மா சொல்லலை?"

"நீ சொன்னியா?"

இருவரும் சிரித்தார்கள். கொஞ்ச நேரம் வேறு ஏதேதோ பேசினார்கள். வைக்கப் போகும்போது அம்மா, "அந்த இடம் திங்கக்கிழமை திறந்திருக்குமா?" என்றாள்.

"எந்த இடம்? காது டெஸ்டா? உனக்கா?" இருபத்தைந்து வருஷமாக அம்மாவைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு எல்லோருக்கும் அலுத்துப் போயிருந்தது.

"நான் மட்டும் வரேன். உங்கப்பாவுக்குத் தெரிய வேண்டாம்."

"ஏன்?"

"ரெண்டு மாசமா அந்தக் காதுல என்னவோ கேக்கற மாதிரி இருக்குடி. ஒரு நாள் தலைக்குக் குளிக்கும்போது உள்ள ஏதோ விலகிச்சு. அதுலேருந்துதான். நானா நினைச்சுக்கறேனா, நிஜமாவே கேக்குதான்னு தெரியலை."

"நல்ல விஷயம்தானேம்மா. அப்பாகிட்ட ஏன் மறைக்கணும்?"

"அவர் என் இடது பக்கம் நின்னுக்கிட்டுத்தான் போன்ல குசுகுசுன்னு பேசறார். எனக்குக் கேக்காதுன்னு தைரியம்."

"என்ன பேசறார்?"

அம்மா குரலை இன்னும் தாழ்த்தினாள். மிளகு போனை இடது காதோடு அழுத்திக்கொண்டாள். ஒவ்வோர் எழுத்தும் தெளிவாக வந்து விழுந்தது.

"உன்னைப் பத்தித்தான்."